பதினோரு நிமிடம்

எங்கள் சமையலறையில் இப்போதெல்லாம்
பொழுது சாய்வது பதினோரு நிமிடம் தாமதம்.
மேற்கே நின்ற குன்றை
டெக்சாஸுக்கு அனுப்பிவிட்டார்கள்,
ரயிலில், நாளுக்கு நூறு பெட்டியாக.

விஸ்கான்சினின் ஒரு மூலை.
பசுக்கள், மக்காச்சோளம், வெள்ளையடித்த தேவாலயம்,
நார்வேயிலிருந்து வந்து இறங்கியவர்களின்
பெயர் தேய்ந்த கல்லறைகள்.
குன்றின் வயிற்றில் இருப்பது மணல் என்று
இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும்.
அதற்கு விலை உண்டு என்றுதான்
யாருக்கும் தெரியாது,
கோப்போடு ஒருவன் வந்து கதவைத் தட்டும்வரை.

எண்ணெய்க் கிணற்றுக்கு உருண்டை மணல்தான் வேண்டுமாம்,
பாறை வெடிப்பு மூடிக்கொள்ளாமல்
இடையில் நின்று முட்டுக் கொடுக்க.
கழுவுகிறார்கள், உலர்த்துகிறார்கள், சலிக்கிறார்கள்.
உருண்டது ரயிலேறும்.
நொறுங்கியது ஊரிலேயே தங்கிவிடும்,
துணி காயும் கொடியில்,
கன்றுகளின் தண்ணீர்த் தொட்டியில்,
மார்லிஸ் வீட்டுப் பையனின் தலையணை உறையில்.

ஆர்லோவுக்கு அங்கே இரவு வேலை,
உலர்த்தும் உலைக்குப் பக்கத்தில்.
பால் விலை விழுந்த வருஷம்
முப்பத்தெட்டு மாடுகளையும் லாரியில் ஏற்றிவிட்டு
மறுநாளே போய்ச் சேர்ந்தான்.
உடுப்பைக் கராஜிலேயே கழற்றிவிடுவான்.
தனியாகத்தான் துவைப்பேன்.
கடைசித் தண்ணீர் வடிந்ததும்
தொட்டியின் அடியில் மாவு போல ஒரு படிவு.
விரலால் வழித்தால் பட்டாக வழுக்கும்.
அழகாகக்கூட இருக்கும். சொல்லக் கூடாது.

நான் துடைக்கிறவள்.
ஏழு வருஷமாகத் துடைக்கிறேன்,
ஜன்னல் விளிம்பு, ரொட்டிப் பெட்டி,
பியானோவின் கறுப்புக் கட்டைகள்.
ஈரத்துணியால்தான். காய்ந்த துணி பட்டால் எழும்பும்.
போன மாதம் கிளினிக்கில், நர்ஸ் பா ஹுவா வாங்
திரையில் தெரிந்த அவன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள்:
கண்ணுக்குத் தெரிகிற தூசியை மூக்கே பிடித்துக்கொள்ளும்,
தெரியாத அளவுக்குப் பொடிந்ததுதான்
உள்ளே போய்க் குடியிருக்கும்.
அப்படியானால்
இத்தனை நாள் நான் துடைத்தது எதை?

செவ்வாயன்று ஊர்க் கூட்டம்.
மார்லிஸ் எழுந்து கேட்டாள்,
தூசி அளக்கும் கருவியை ஏன்
குழிக்கு மேற்கே நட்டிருக்கிறீர்கள்,
காற்றே மேற்கிலிருந்துதானே வருகிறது என்று.
கம்பெனிக்காரர் சராசரியைச் சொன்னார்.
வருஷத்துச் சராசரி, வரம்புக்குக் கீழே.
கடற்கரையில் குழந்தைகள் அளைவதும்
இதே மணல்தான் என்றார்.
அவர் டையில் ஒரு சின்ன மீன்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மார்லிஸ் என் பக்கம் திரும்பினாள்.
நான் பேசுவேன் என்று நினைத்திருப்பாள்.
வங்கிக் கடன் இன்னும் நாலு வருஷம்.
காப்பி தீர்ந்துவிட்டதா என்று
பார்க்கப் போனேன்.

மாடிப்படியின் திருப்பத்தில்
எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது.
இருபத்தாறு வருஷத்தில் ஆர்லோ அதை
ஏறெடுத்துப் பார்த்ததில்லை.
இந்தக் குளிர்காலத்திலிருந்து
தினமும் நின்று பார்க்கிறான்,
ஒரு கை கம்பியில்,
தோள் ஏறி இறங்க.
உன் அம்மா அந்தத் தொப்பியை
எங்கே பிடித்தாள் என்கிறான்,
வாக்கியத்தை மூன்றாக உடைத்து.
நானும் சிரித்து வைக்கிறேன்.

நேற்று படத்தைக் கழற்றினேன்.
கண்ணாடியைத் துடைத்தேன், சட்டத்தின் பின்பக்கமும்.
கீழே கூடத்தில் மாட்டினால் வெளிச்சம் விழும்,
அதுதான் இப்போது பதினோரு நிமிடம்
கூடுதலாக இருக்கிறதே.
ஆணியும் சுத்தியலுமாக இறங்கியவள்
திரும்ப ஏறி
பழைய இடத்திலேயே மாட்டினேன்.
பாதிப் படியில் நிற்க
அவனுக்கு ஒரு காரணம் வேண்டும்.